ஹரே கிருஷ்ணாவைக் கரைசேர்த்தவர்கள்

ஹரே கிருஷ்ணா இயக்கத்தைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் அந்தச் சரக்குக் கப்பலில்தான் தொடங்குவார்கள். கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ஜலதூதா, அதில் காவி கட்டிய 69 வயதுப் பெரியவர், கையில் 40 ரூபாய், நடுக்கடலில் இரண்டு முறை மாரடைப்பு, 1965 செப்டம்பர் 17ஆம் தேதி பாஸ்டன் துறைமுகம். நல்ல கதைதான். கப்பல் முதலாளி சுமதி மொரார்ஜி இலவச டிக்கெட் கொடுத்தது, கொச்சியில் பாகவதப் புத்தகப் பெட்டிகள் ஏறியது என்று பக்தர்கள் ஒரு வரி விடாமல் சொல்வார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பதினாறு நாள் கழித்து நடந்த ஒன்று. அக்டோபர் 3ஆம் தேதி, நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து அதிபர் லிண்டன் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதுவரை இந்தியர்களுக்கு அமெரிக்கா வைத்திருந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். அந்தக் கணக்கைப் புதிய சட்டம் தூக்கிப் போட்டது. டாக்டர்கள், என்ஜினீயர்கள், அப்புறம் அவர்களின் தம்பி தங்கைகள் என்று வரிசையாகப் போனார்கள். பெரியவருக்கும் அந்தச் சட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அவர் ஆரம்பித்த இயக்கம் இன்று அமெரிக்காவில் உயிரோடு இருக்கிறது என்றால், அவரைச் சுற்றி ஆடிப்பாடிய வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிட அந்தச் சட்டத்தில் வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் அதில் பங்கு அதிகம் என்பது என் கட்சி.

பெரியவரின் பெயர் அபய் சரண் டே. 1896இல் கல்கத்தாவில் பிறந்தவர். அலகாபாத்தில் மருந்து வியாபாரம் செய்த குடும்பஸ்தர். 1922இல் பக்திசித்தாந்த சரஸ்வதி என்ற கௌடிய (வங்காள) வைணவ குருவைச் சந்தித்தார். அந்த மரபின் மூலவர் சைதன்யர். 'ஆங்கிலத்தில் சைதன்யரின் செய்தியைப் பரப்பு' என்று குரு சொன்னதை மனதிலேயே வைத்திருந்து, 1959இல் சன்னியாசம் வாங்கி, பக்திவேதாந்த சுவாமி ஆனார். பிரபுபாதா என்ற பெயர் பிறகு சீடர்கள் கொடுத்தது.

மேல்நாட்டுக்குப் போகும் யோசனை அவரோடு பிறந்ததில்லை. 1933லேயே அவருடைய குரு தன் சன்னியாசிச் சீடர்களை லண்டனுக்கு அனுப்பியிருந்தார். அவர்கள் பிரபுக்களையும் உயரதிகாரிகளையும் பார்த்தார்கள். மரியாதை கிடைத்தது, தேநீர் விருந்து கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பெரிய இடத்தைப் பிடித்தால் ஊரே பின்னால் வரும் என்ற நம் பழைய கணக்கு அங்கே எடுபடவில்லை.

பிரபுபாதாவுக்குப் பெரிய இடம் எதுவும் வாய்க்கவில்லை. அதுதான் அவருக்கு நல்லதாகப் போயிற்று. 1966இல் நியூயார்க்கின் கீழைப் பகுதியில், செகண்ட் அவென்யூ 26ஆம் எண்ணில் ஒரு சின்னக் கடையை வாடகைக்குப் பிடித்தார்கள். முன்பு அங்கிருந்த கடையின் 'மேட்ச்லெஸ் கிஃப்ட்ஸ்' என்ற பலகையைக்கூட யாரும் கழற்றவில்லை. குடிகாரர்களும் வீட்டை விட்டு வந்த பிள்ளைகளும் திரிகிற தெரு. அந்த ஜூலையில்தான் கிருஷ்ண பக்திக்கான சர்வதேசச் சங்கம் என்று பதிவு நடந்தது. சுருக்கமாக இஸ்கான். பத்துப் பதினைந்து பேர் வந்துபோன இடத்துக்குச் 'சர்வதேச' என்று பெயர் வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

அந்தக் கடையில் அவர் செய்தவற்றில் எனக்கு முதலில் தெரிவது சமையல்தான். மூன்று அடுக்குப் பித்தளைக் குக்கர் ஒன்று வைத்திருந்தார். அதில் சாதம், பருப்பு, காய் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். பக்கத்தில் உட்கார்ந்து சப்பாத்தி இடுவார். வந்தவர்களுக்குத் தானே பரிமாறுவார், தானே பாத்திரமும் கழுவுவார். ஒரு ஜாடி நிறைய குலாப் ஜாமூன் எப்போதும் இருக்கும். சீடர்கள் அதற்கு 'இஸ்கான் தோட்டா' என்று பெயர் வைத்தார்கள். போதை மருந்துப் பழக்கம் தலைதூக்கினால் போய் ஒரு தோட்டாவை வாயில் போட்டுக்கொள்ள வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை விருந்து என்ற வழக்கமும் அங்கே தொடங்கியதுதான். உலகத்தில் எந்த இஸ்கான் கோயிலுக்குப் போனாலும் இன்றும் ஞாயிறு சாப்பாடு உண்டு. கீதைக்கு அவர் சொன்ன விளக்கத்தைக் கேட்டு வந்தவர்களைவிட அந்தப் பருப்பைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் கீதையைக் கேட்டவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. அக்டோபரில் டாம்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் ஒரு இலுப்பை அளவு பெரிய எல்ம் மரத்தடியில் கீர்த்தனம், கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க்கும் வந்து கலந்துகொண்டார். 1967 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவின் அவலான் பால்ரூமில் கிரேட்ஃபுல் டெட் போன்ற ராக் குழுக்களோடு ஒரே மேடை. 1968இல் மூன்று தம்பதிகள் லண்டனுக்குப் போய், பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனைப் பிடித்தார்கள். 1969இல் அவர் தயாரித்த 'ஹரே கிருஷ்ண மந்திரம்' இசைத்தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம் வரை போனது. மகாமந்திரம் சினிமாப் பாட்டுப்போல ரேடியோவில் ஒலித்தது அப்போதுதான்.

இதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிஷ்யை வெளிநாட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் வேலை பார்த்தாள். அங்கே பெட்டியில் வந்த ஒரு சின்ன மரப்பொம்மை, பெரிய வட்டக் கண், சிரித்த வாய், கை மொட்டையாக. வேடிக்கையாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு வந்து குருவின் மேஜையில் வைத்தாள். அவர் உடனே கைகூப்பித் தலை தாழ்த்தினார். இதேபோல் இன்னும் இரண்டு இருக்குமே, போய்ப் பார் என்றார். பூரி ஜகந்நாதர், பலராமர், சுபத்திரை. கடையில் அலமாரிப் பொம்மையாகக் கிடந்தவர்களை முன்மாதிரியாக வைத்து, இன்னொரு சீடர் பெரிய அளவில் மரத்தில் செதுக்கினார். 1967 ஜூலையில் அவர்களை ஒரு லாரியின் முதுகில் ஏற்றித் தெருவில் கொண்டுபோனார்கள். பூரிக்கு வெளியே, கடல் கடந்து, அமெரிக்காவின் முதல் ரத யாத்திரை அதுதான். ஆகமம் தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் நூறு தடை சொல்லியிருப்பார்கள். நல்லவேளை, யாரும் இல்லை.

விதிகளில் மட்டும் அவர் லாரி ஓட்டவில்லை. மாமிசம், மீன், முட்டை கூடாது. போதை கூடாது. சூதாட்டம் கூடாது. திருமணத்துக்கு வெளியே உறவு கூடாது. போதை என்றால் கஞ்சா, சாராயம் மட்டுமா, டீயும் காபியும்கூட அதில் சேர்த்தி. (நான் இஸ்கானில் சேராததற்கு இது ஒன்றே போதும்.) அப்புறம் தினமும் பதினாறு சுற்று ஜபம். 108 மணி கொண்ட துளசி மாலை, ஒரு மணிக்கு ஒரு முழு மந்திரம், பதினாறு சுற்றுக்கு 1728 மந்திரம். பழகினவர்களுக்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த ஜபப் பையைக் கவனித்திருக்கிறீர்களா? கழுத்தில் தொங்கும் துணிப்பை, கை உள்ளே, ஆள்காட்டி விரல் மட்டும் ஒரு ஓட்டை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விரல் மாலையில் படக்கூடாது என்பது சம்பிரதாயம். சுற்றை எண்ண, பையின் வாரில் சின்ன மணிகள் வேறு. ஹிப்பிகளிடம் போய் இந்தக் கண்டிப்பைக் கொடுத்தால் ஓடிவிடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல பேர் ஓடினார்கள். நின்றவர்களோ, எதுவும் கூடும் என்ற வாழ்க்கையில் அலுத்துப்போனவர்கள். காலை நாலு மணிக்கு எழுந்து குளி என்று ஒருவர் சொன்னது அவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது.

எழுபதுகளில் புத்தகம் விற்கிறார்கள், விமான நிலையங்களில் பயணிகளை மறிக்கிறார்கள் என்று அமெரிக்கர்களுக்கு எரிச்சல். அந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், 1992இல் தீர்ப்பு வந்தது. நிலையத்துக்குள் காசு கேட்கத் தடை போடலாம், ஆனால் துண்டறிக்கை கொடுப்பதற்குத் தடை போடக்கூடாது என்று பாதிக்குப் பாதி.

1977 நவம்பர் 14இல் பிருந்தாவனத்தில் பிரபுபாதா காலமானார். பன்னிரண்டே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள். அதற்கு அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி இயக்கத்தின் பிரசுரங்கள் அதிகம் பேசுவதில்லை. பதினொரு சீடர்கள் குருக்களாகி உலகத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்துக்கொண்டார்கள். முப்பது வயதுக்காரர்களுக்கு ஆளுயர ஆசனம், பாத பூஜை. ஒவ்வொருவராக விழுந்தார்கள். மேற்கு வெர்ஜீனியாவின் நியூ பிருந்தாவனத்தில் பொன் மாளிகை கட்டிய கீர்த்தனானந்தாவின் ஆட்சியில் எதிர்த்துப் பேசிய பக்தர்கள் இருவர் கொலையானார்கள். 1987இல் அவரை இயக்கத்திலிருந்து நீக்கினார்கள். 1996இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை போனார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை குருகுலங்கள். பெற்றோர் புத்தகம் விற்கத் தெருவுக்குப் போக, ஐந்து வயதுப் பிள்ளைகள் விடுதியில். பொறுப்புக்கு வைத்தவர்களில் பலருக்குப் பிள்ளை வளர்ப்பே தெரியாது. சிலர் அதைவிட மோசமானவர்கள். அடி, பட்டினி, பாலியல் வன்முறை. 1998இல் இஸ்கானின் சொந்த ஆய்விதழிலேயே இதைப் பற்றி விரிவான கட்டுரை வந்தது. அதை எழுதியவர் பர்க் ராச்ஃபோர்ட் என்ற சமூகவியலாளர். பாதிக்கப்பட்டவர்கள் 2000இல் டல்லாஸில் வழக்குப் போட்டார்கள். சில கோயில்கள் திவால் பாதுகாப்புக் கேட்கும் நிலைக்குப் போய், 2005இல் 95 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. கட்டுரையைத் தானே அச்சிட்டார்கள் என்பதை மட்டும் கணக்கில் வைக்கிறேன். நம் ஊர் மடங்கள் எதுவும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இந்த நிலையில் ஒரு இயக்கம் அழிந்திருக்க வேண்டும். புத்தக வருமானம் விழுந்துவிட்டது, வெள்ளைக்காரச் சீடர்கள் ஆசிரமத்தை விட்டு வேலை தேடிப் போய்விட்டார்கள், கோயில் மின்கட்டணத்துக்கே திண்டாட்டம். அப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார்களில் வந்து இறங்கியவர்கள் யார் என்றால், ஜான்சன் கையெழுத்தில் வந்தவர்கள். அவர்கள் வாழ்ந்த ஊர்களில் வேறு கோயில் இல்லை. இங்கே ராதையும் கிருஷ்ணனும் இருக்கிறார்கள், ஆரத்தி நடக்கிறது, சாப்பாடு உண்டு. பூசாரி வெள்ளைக்காரராக இருந்தால் என்ன? ராச்ஃபோர்ட் பிறகு எழுதியதிலும் இதே மாற்றத்தைத்தான் காட்டுகிறார். வட அமெரிக்கக் கோயில்களின் கூட்டமும் பணமும் பெரும்பாலும் இந்தியக் குடும்பங்களுடையவை ஆகிவிட்டன.

லண்டனுக்கு வெளியே இதே கதை இன்னும் துல்லியமாக நடந்தது. 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து இந்தியர்களை விரட்டினார். குஜராத்திக் குடும்பங்கள் பிரிட்டனுக்கு வந்தன. 1973இல் ஜார்ஜ் ஹாரிசன் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு மாளிகையை வாங்கி இயக்கத்துக்குக் கொடுத்தார். அதுதான் பக்திவேதாந்த மேனர். ஜன்மாஷ்டமிக்கு ஆயிரக்கணக்கில் கார்கள் வர, பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் நெரிசல் தாங்காமல் நகராட்சியிடம் போனார்கள். பொதுமக்கள் வழிபாட்டுக்கே தடை என்ற அளவுக்குப் போனது. அந்தத் தடையை எதிர்த்து லண்டன் தெருவில் ஊர்வலம் போனவர்களில் பெரும்பகுதி கடை வைத்துப் பிழைத்த குஜராத்திகள். 1996இல் தனிச்சாலை போட்டுக்கொள்ள அரசு அனுமதி கொடுத்து விவகாரம் முடிந்தது. பீட்டில்ஸ் வாங்கிக் கொடுத்த வீட்டை மளிகைக்கடைக்காரர்கள் காப்பாற்றினார்கள்.

என் அக்கா டல்லாஸில் இருக்கிறாள். அவளும் மாதத்தில் ஓரிரு ஞாயிறு பிள்ளைகளோடு அங்குள்ள இஸ்கானுக்குப் போகிறவள். முதல் குருகுலம் இருந்த அதே ஊர். கேட்டேன், தெரிந்துதான் போகிறாயா என்று. "தெரியும்டா. பால கோபாலா கிளாஸ் முடியற வரைக்கும் நான் ரூம் வாசல்லயேதான் உட்கார்ந்திருப்பேன்" என்றாள். அர்ச்சனை செய்ய வேண்டும் என்றால் வேறு கோயிலுக்குப் போவாள். அங்கே பட்டர் இருக்கிறார், சகஸ்ரநாமம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளைக் கூட்டிப்போய் உட்கார வைத்தால் அவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. இஸ்கானில் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், கையில் ஜால்ரா கொடுத்துத் தட்டச் சொல்கிறார்கள், குதித்தால் யாரும் அதட்டுவதில்லை. பதினாறு சுற்று ஜபமெல்லாம் அவளிடம் நடக்காது. ஊரிலிருந்து திரும்பும்போது பெட்டியில் காபிப் பொடிக்கென்று தனி இடம் வைக்கிறவள். இப்படிப்பட்டவர்கள்தான் இன்று அந்தக் கோயில்களின் தூண். சீடர்கள் இல்லை, வந்துபோகிறவர்கள்.

அத்திம்பேரின் அப்பா ஸ்ரீரங்கத்துக்காரர். டல்லாஸுக்குப் போயிருந்தபோது அவருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. நம் பெருமாள் இருக்கும்போது வங்காளத்துச் சம்பிரதாயம் எதற்கு, கிருஷ்ணனிடமிருந்து நாராயணன் வந்தாராம், தலைகீழாகச் சொல்கிறார்கள் என்று சாப்பாட்டு மேஜையில் பெரிய விவாதம். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்த விவாதம் ஸ்ரீரங்கத்திலேயே ஒருமுறை நடந்து முடிந்தது. 1510ஐ ஒட்டித் தென்னாட்டு யாத்திரை வந்த சைதன்யர், மழைக்கால நான்கு மாதமும் ஸ்ரீரங்கத்தில் வேங்கட பட்டர் என்ற வைணவர் வீட்டில் தங்கினார். தினமும் காவிரியில் குளியல், அரங்கன் சன்னிதியில் ஆட்டம். உங்கள் லட்சுமித் தாயார் பத்தினியாயிற்றே, அவள் ஏன் கண்ணனின் ராசலீலையில் சேரத் தவம் இருந்தாள் என்று சைதன்யர் பட்டரைச் சீண்டுகிறார். நாராயணனும் கண்ணனும் ஒருவரே, அதனால் தோஷமில்லை என்று பட்டர் சமாளிக்கிறார். கிருஷ்ணதாச கவிராஜரின் சைதன்ய சரிதாமிர்தத்தில் இந்த வாக்குவாதம் அப்படியே இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை கோபால பட்டர், பிருந்தாவனம் போய், கௌடிய மரபின் ஆறு கோஸ்வாமிகளில் ஒருவரானார். இன்றும் பிருந்தாவனத்தில் புகழ்பெற்ற ராதா ரமணர் கோயில் அவர் ஏற்படுத்தியது.

அதே யாத்திரையில் சைதன்யர் கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கும் போனார். அங்கே பிரம்ம சம்ஹிதை என்ற சமஸ்கிருத நூலின் ஐந்தாம் அத்தியாயச் சுவடியைப் பார்த்து, படியெடுத்துக்கொண்டு போனார் என்பது அவர்கள் மரபு. இஸ்கான் கோயில்களில் காலை ஏழேகால் மணி வாக்கில் திரை விலகும்போது ஒரு பாட்டு ஒலிக்கும், கேட்டிருப்பீர்கள்: 'கோவிந்தம் ஆதிபுருஷம்'. அந்தச் சுலோகங்கள் திருவட்டாற்றுச் சுவடியில் கிடைத்தவை. பாடுவது யமுனா தேவி என்ற அமெரிக்கப் பெண். இசைத்தட்டைத் தயாரித்தது ஜார்ஜ் ஹாரிசன். சென்னையில் ஈஞ்சம்பாக்கம் தாண்டி அக்கரையில் 2012இல் திறந்த கோயிலிலும் அதே ஒலிப்பதிவுதான். நம் மண்ணிலிருந்து போன சுலோகம், லண்டன் ஸ்டுடியோவைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத் திரும்பியிருக்கிறது. அத்திம்பேரின் அப்பாவிடம் சொன்னேன். "திருவட்டாறு திவ்யதேசம்டா, நம்மாழ்வார் பாடினது" என்று அதையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார்.

என் கட்சி எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. ரஷ்யாவில் கார் ஓட்டி வந்து காப்பாற்ற இந்தியர்கள் இல்லை. 1971 ஜூனில் பிரபுபாதா மாஸ்கோவில் ஐந்து நாள் இருந்தார். பிரசங்கம் செய்ய அனுமதி இல்லை. அங்கே கிடைத்த ஒரே இளைஞர் அனடோலி பின்யாயேவ். அவர் மூலம் பரவியது. எண்பதுகளில் பக்தர்களைச் சிறையிலும் மனநோய் மருத்துவமனைகளிலும் அடைத்தார்கள். கையால் தட்டச்சு செய்த கீதை ரகசியமாகச் சுற்றியது. 1988இல்தான் அரசு பதிவு கொடுத்தது. பிறகும் 2011இல் சைபீரியாவின் டாம்ஸ்க் நகர அரசு வழக்கறிஞர்கள் பிரபுபாதாவின் கீதை உரையைத் தீவிரவாத நூல் என்று அறிவிக்கச் சொல்லி வழக்குப் போட, நம் நாடாளுமன்றத்தில் அமளி நடந்தது. டிசம்பரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்த நூலின் தமிழ்ப் பதிப்பு 'பகவத் கீதை உண்மையுருவில்' என்ற பெயரில் நம் ரயில் நிலையங்களிலும் புத்தகக் காட்சிகளிலும் கிடைப்பதுதான். அதை வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் நமக்கு, அதற்காக ஒருவன் சிறை போவான் என்பது கற்பனையில்கூட வராது.

இந்தியாவுக்குள் இயக்கத்தின் பலம் வேறு. பெங்களூருக் கோயிலைச் சேர்ந்தவர்கள் 2000இல் ஐந்து பள்ளிகளில் 1500 பிள்ளைகளுக்கு மதிய உணவு என்று தொடங்கிய அட்சய பாத்திரம் இன்று லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைக்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவு கொடுக்க அவர்கள் வந்தபோது வெங்காயம், பூண்டு இல்லாத சமையல் பெரிய சர்ச்சையானது. என் நிலை இதில் தெளிவு. கோயில் பிரசாதத்தில் வெங்காயம் இல்லாதது அவர்கள் உரிமை. அரசுப் பள்ளித் தட்டில் என்ன விழ வேண்டும் என்பது அவர்கள் முடிவு செய்யக்கூடாது. சத்துணவில் முட்டை போடும் மாநிலம் இது. 2022இல் அரசே காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவிட்டதால் விவாதம் அடங்கியது. பெங்களூருக்காரர்களுக்கும் மும்பைத் தலைமைக்கும் கோயில் யாருடையது என்று நடந்த வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் பெங்களூருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது தனிக்கதை.

இப்போதைய சண்டை தேர் பற்றியது. பூரி கோயிலுக்குள் வெளிநாட்டு பக்தர்களை இன்றும் விடுவதில்லை. 1977 தொடக்கத்தில் பிரபுபாதா பூரிக்குப் போனபோது, என் சீடர்களுக்கு இல்லாத தரிசனம் எனக்கும் வேண்டாம் என்று வெளியிலேயே நின்றுவிட்டார். இப்போது அந்தச் சீடர்களின் வழிவந்தவர்கள் உலகத்தின் எத்தனையோ நகரங்களில் ரத யாத்திரை நடத்துகிறார்கள், ஆனால் ஆனி மாத வளர்பிறைத் துவிதியையில் இல்லை. டர்பனில் ஈஸ்டர் விடுமுறையில், வேறு ஊர்களில் சாலையை மூட எந்த ஞாயிறு அனுமதி கிடைக்கிறதோ அன்று. 2024 நவம்பரில் ஹூஸ்டன் கோயில் யாத்திரை நடத்தக் கிளம்பியபோது பூரியிலிருந்து கடும் எதிர்ப்பு. அந்தக் கோயிலின் பரம்பரைத் தலைமைச் சேவகரான பூரி கஜபதி மன்னர் தேதியை மாற்றாதீர்கள் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். சாஸ்திரப்படி பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் உள்ளே விடமாட்டேன் என்றவர்கள், வெளியே நீ எப்போது தேர் இழுக்க வேண்டும் என்பதையும் நானே சொல்வேன் என்றால், கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். அக்காவிடம் கேட்டால் அவளுக்கு ஒரே கவலைதான்: ஆனி மாதத்தில் டல்லாஸ் வெயிலில் குழந்தைகளோடு எப்படி நடப்பது?